நெடுநீர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன், வயது 34. எல்லாவற்றையும் நாளைக்கு என்று தள்ளிப்போடும் சோம்பேறியாகிவிட்டேன். காரின் சாலை வரி காலாவதியாகி மூன்று வாரமாகிறது. பல் மருத்துவரைப் பார்க்க வேண்டியது ஓராண்டாக நிற்கிறது. அப்பாவின் ஊழியர் சேமநிதிக்கு வாரிசு நியமனம் செய்துவிடச் சொல்லி அம்மா இரண்டு ஆண்டுகளாக நினைவூட்டுகிறார். படிவம் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நாட்குறிப்பு, கைப்பேசிச் செயலி, கையில் இருக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை நீளும் என்ற பார்கின்சன் விதிப்படி ஒவ்வொரு வேலைக்கும் குறுகிய கெடு என்று எல்லாம் முயன்றுவிட்டேன். அதிகாலையில் எழுந்தால் பயன் இருக்குமா? நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ச., செந்தூல்

அன்புள்ள ச.,

சாலை வரியை இன்றே புதுப்பியுங்கள். அது காலாவதியானால் காப்புறுதியும் அநேகமாக அதனுடன் சேர்ந்தே முடிந்திருக்கும். அந்த மூன்று வாரமும் காரை ஓட்டிக்கொண்டுதான் இருந்தீர்களா? யாரையாவது இடித்திருந்தால் அந்தக் குடும்பத்திடம் எந்தச் செயலியைக் காட்டியிருப்பீர்கள்? இதற்கு ஆலோசனை தேவையில்லை, வெட்கம் போதும். பல்லைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது வலிக்கத் தொடங்கும் இரவில் தானே உங்களை அழைத்துப் போகும். அதிகாலையில் எழுவது நல்லதுதான், ஆனால் தள்ளிப்போடுகிறவனுக்கு அது தள்ளிப்போட மேலும் இரண்டு மணி நேரத்தைத் தருகிறது, அவ்வளவுதான்.

பார்கின்சன் நமக்கு அந்நியர் அல்லர். 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். 1955இல் அவர் எழுதிய கட்டுரையில், உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுத ஒரு நாள் முழுவதையும் செலவிடும் மூதாட்டி வருகிறார். வேலை கூடினாலும் குறைந்தாலும் அரசாங்க அலுவலகங்களில் ஆட்கள் பெருகிக்கொண்டே போவதை எள்ளி நகையாடத்தான் அவர் அதை எழுதினார். அந்தக் கிண்டலை மருந்தாக்கி உங்களிடம் விற்றவர்கள் வேறு யாரோ.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘சோம்பேறி’ என்ற சொல். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கை வரிசைப்படுத்துகிறார். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு நெடுநீர், சோம்பல் மடி. சோம்பலைக் கண்டிக்கும் அதிகாரத்துக்குள்ளேயே அவர் இவ்விரண்டையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார் என்பதை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். சோம்பேறி எதையும் செய்யமாட்டான், கிடப்பான். நெடுநீர் உடையவனோ ஓயாமல் உழைப்பான். நாட்குறிப்பு வாங்குவான், அதற்குக் கோடு போடுவான், செயலிகளை ஒப்பிட்டுப் பார்ப்பான், அலமாரியை அடுக்குவான், ஓர் எழுத்தாளருக்குப் பிழையில்லாத தமிழில் கடிதமும் எழுதுவான். அந்த ஒரு வேலையை மட்டும் தொடமாட்டான். இந்த நான்கையும் கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலன் என்கிறது அந்தக் குறள். கலன் என்பதை மரக்கலம் என்று பரிமேலழகர் விளக்குகிறார். பினாங்குத் தீவில் வாழ்கிற என்னைப் போன்றவனுக்கு அந்த உவமை கொஞ்சம் அதிகமாகவே குத்தும்.

என் சிற்றப்பா எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கும் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கும் இடையே ஓடிய பழைய ஃபெரியில் கயிறு கட்டும் வேலையில் 27 ஆண்டுகள் இருந்தவர். அந்த ஃபெரிகளில் பயணிகளை ஏற்றுவது 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது என்ற செய்தி வந்ததும் அக்கரையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். “கடைசியா ஒரு தடவை ஏறிட்டு வந்துருவோமேய்யா” என்றார். எனக்கு அப்போது கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. படகுத்துறை நடக்கும் தூரம். கடலைக் கடக்க ஏறக்குறைய 20 நிமிடம். கட்டணம் 1 வெள்ளி 20 காசு. அடுத்த வாரம் என்றேன். தொற்றுக்காலம் என்ற சாக்கும் கையில் இருந்தது. அந்த வாரங்களில் நான் சும்மா இருக்கவில்லை. பத்து ஆண்டுக் கையெழுத்துப் படிகளைத் தேதிவாரியாக அடுக்கி முடித்தேன்.

எனக்குச் சோம்பலும் இல்லை, நேரத்துக்குப் பஞ்சமும் இல்லை. அவரோடு அந்த மேல்தளத்தில் நின்றால், முடிவது ஃபெரி மட்டுமல்ல என்பதை இருவரும் அறிந்தபடி நிற்க வேண்டியிருக்கும். அப்போதே அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அந்த 20 நிமிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

2022இல் அவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்தன்று தங்கை பேச்சுவாக்கில் சொன்னாள்: அந்த டிசம்பர் கடைசி நாளில் பேரனை அழைத்துக்கொண்டு சிற்றப்பா போய் வந்திருக்கிறார். என்னையும் கூப்பிடலாமே என்று அவள் கேட்டதற்கு, “அவனுக்கு வேலை இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொண்டு சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார் என்றாள். 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் நான்கு வந்தன. நல்ல ஃபெரிகள்தாம். இப்போது மாதம் ஒருமுறையேனும் ஏறுகிறேன்.

நீங்கள் என்ன கேட்டிருந்தீர்கள்? எப்படிச் சமாளிப்பது என்று. ச., அந்த இழுப்பறையில் கிடப்பது படிவம் அல்ல. ‘நீங்கள் போன பிறகு’ என்று அப்பாவின் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. அதனால்தான் இரண்டு ஆண்டுகளாகியும் உங்கள் கை அதைத் தொடவில்லை. இதைப் புரிந்துகொண்டேன் என்பதற்காக உங்களை மன்னித்துவிட்டேன் என்று பொருளில்லை. வாரிசை நியமிக்காமல் ஒருவர் போய்விட்டால், அந்தப் பணத்துக்காக முகப்புக்கும் சட்ட அலுவலகத்துக்கும் அலையப்போவது நீங்கள் அல்லர், உங்கள் அம்மா.

வேலைக்குப் போகிறவராக இருந்தால் உங்களுக்கும் சேமநிதிக் கணக்கு இருக்கும். அதற்கும் நீங்கள் வாரிசை நியமித்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது, “அப்பா, என் பணத்துக்கு உங்கள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன், உங்கள் அடையாள அட்டை எண் சரிதானா என்று பாருங்கள்” என்று அந்தத் தாளை அவர் பக்கம் நகர்த்துங்கள். அவருடைய படிவம் அதற்கு அடியில் இருக்கட்டும்.