பத்து, பதினைந்து ஆண்டு பழைய காரில் குரல் உதவிக் கருவி பொருத்துவதில் பயன் உண்டா?

தொடுதிரை இல்லாத 2010 மாடல் காரில், பேசினால் பாட்டுப் போடும் அமேசானின் அலெக்ஸா போன்ற ஒன்றை வைத்தால் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யும். ஆனால் கருவியின் விலையை விசாரிக்கும் முன் காரில் இருக்கும் ஸ்டீரியோவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதில் ப்ளூடூத் உண்டா, வெளியிலிருந்து கம்பி வழியாகப் பாட்டைக் கொடுக்கும் ஆக்ஸ் துளையாவது உண்டா? பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இந்தக் கருவிகளுக்கென்று சொந்தமாகப் பெரிய சரக்கு எதுவும் கிடையாது. 2020 ஜனவரியில் 4,999 ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்த, காருக்கான அலெக்ஸா கருவியான எக்கோ ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். இணையம் உங்கள் கைபேசியினுடையது, சத்தம் உங்கள் கார் ஸ்பீக்கருடையது. எட்டு மைக்குகள் வைத்திருக்கிறார்கள்; காது மட்டும்தான் அதன் சொந்தச் சொத்து. காதுக்காகவா இவ்வளவு பணம் என்று நானும் ஆறு மாதம் கைபேசியை வைத்தே சமாளித்தேன். ஜன்னலை இறக்கிவிட்டு லாரிக்குப் பக்கத்தில் போகும்போது கைபேசியைப் பார்த்து நான் கத்திய கத்தலில், பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைதான் எழுந்தது. அதன் பிறகுதான் வாங்கினேன்.

எங்களுடையது அப்பா வாங்கிய 2009 மாடல் வேகன் ஆர். ஆக்ஸ் துளை இருந்ததால் கம்பியைச் செருகி, சிகரெட் லைட்டர் துளையில் ஒரு மலிவு சார்ஜரைப் போட்டு வேலையைத் தொடங்கினேன். வண்டி நிற்கும்போது சங்கீதம் சுத்தமாகக் கேட்டது. இன்ஜினை ஓடவிட்டதும் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் வந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி கூட்டிக்கொண்டே போனது. கருவிதான் கோளாறு என்று திருப்பித் தரக் கிளம்பிவிட்டேன். கார் ஆடியோ கடைக்காரர் தடுத்தார். "சார், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள்" என்றார். போட்டேன், ரீங்காரம் நின்றுவிட்டது. கருவிக்கு மின்சாரம் வரும் வழியிலும் ஆக்ஸ் கம்பியிலும் எர்த் தனித்தனியாகச் சுற்றிவந்தால், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம் பாட்டுக்குள் புகுந்துவிடுமாம். ஆக்ஸ் கம்பியின் நடுவே செருகி அந்தச் சத்தத்தைத் தடுக்கும் சின்ன ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கிறது, சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். அன்றோடு சரி.

ஆக்ஸும் இல்லை, ப்ளூடூத்தும் இல்லை என்றால் பாட்டைக் கார் ரேடியோவின் காலி அலைவரிசையில் ஒலிபரப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் என்று ஒன்று விற்கிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 என்று நகரத்தில் அலைவரிசைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் காலி இடம் தேட வேண்டும். இங்கே காலியாக இருப்பது அடுத்த ஊரில் காலியாக இருக்காது. அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ப்ளூடூத் ஸ்டீரியோவையே மாற்றிவிடுவது மேல்.

சில்லறை விஷயங்கள் மூன்று. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் கணத்தில் லைட்டர் துளைக்கு மின்சாரம் அறுந்து வருவதால் கருவி அணைந்து மறுபடி எழும். அரை நிமிடம் பொறுக்க வேண்டும். இன்னொன்று, ஏசி துவாரத்துக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள், காற்றின் இரைச்சல் மைக்கில் அடிக்கும். வெயிலில் நிறுத்தும் வண்டி என்றால் டாஷ்போர்டு மேல் ஒட்டுவதும் வேண்டாம். என்னுடையது சித்திரை மாதத்தில் பசை இளகிக் காலடியில் விழுந்துகிடந்தது.

மொழிதான் எனக்குள்ள உண்மையான மனக்குறை. இந்தியாவில் அலெக்ஸாவிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேச வேண்டும். வழி கேட்பதற்கு நான் கூகுள் வரைபடத்தின் தமிழ்க் குரலையே வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா மட்டும் விடாமல் "கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா" என்று அலெக்ஸாவிடம் தமிழிலேயே மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பார், ஒரு நொடி காத்திருப்பார், பிறகு கையை நீட்டிக் குமிழைத் திருகிவிடுவார்.

போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் சிக்னல் போய்ப் பாட்டு நின்றுவிட்டது. அப்பா எதுவும் சொல்லாமல் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து பழைய பென் டிரைவை எடுத்துச் செருகினார். ஸ்டீரியோவை மாற்றினால் யூஎஸ்பி துளை இருக்கிற ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்.