சமூகச் செயலிகள்: ஆள் சேர்ப்பதும் தங்க வைப்பதும் (கேள்வி பதில்)

கேள்வி: புத்தக விமர்சனங்களுக்கு ஒரு செயலி தொடங்கினோம். ஆள் இல்லாததால் யாரும் எழுதுவதில்லை, யாரும் எழுதாததால் ஆள் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: சின்ன வட்டத்தில் தொடங்குங்கள். ஃபேஸ்புக் 2004இல் தொடங்கியபோது ஹார்வர்ட் மாணவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. கல்லூரி கல்லூரியாகப் பரவி, 2006 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அடுத்தது, தனியாக வந்து நிற்பவருக்கும் ஏதாவது பயன் இருக்க வேண்டும். டெலிஷியஸ் தளத்தில் அவரவர் தமக்காகத்தான் இணைய முகவரிகளைச் சேமித்தார்கள். அதுவே பெரிய பொதுச் சேகரிப்பாக வளர்ந்தது. படித்த புத்தகங்களைக் குறித்து வைக்க முதலில் வழி கொடுங்கள். விமர்சனம் அப்புறம் வரும்.

கேள்வி: சார், புள்ளியும் பதக்கமும் கொடுத்தால் எழுதுவார்களா?

பதில்: எழுதுவார்கள், புள்ளிக்காக. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையச் சொன்னார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்துபோனது. பரிசு எதிர்பாராமல் வந்தபோது அப்படிக் குறையவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

அதற்காகப் புள்ளியே கூடாது என்று சொல்லமாட்டேன். நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் தளமாக 2008இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அது பலித்தது. அங்கே புள்ளி என்பது, பதிலைப் படித்த சக நிரலாளர் போட்ட வாக்கு. ஏற ஏற, மற்றவர் பதிவைத் திருத்தும் உரிமை வரை கிடைக்கும். நீங்கள் எண்ணிக்கைக்குப் பதக்கம் வைத்தால் "நல்ல புத்தகம்" என்ற ஒற்றை வரிகள்தான் குவியும்.

கேள்வி: எங்களிடம் பெரும்பாலோர் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தப்பா?

பதில்: இல்லை. 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். படிப்பவர்களை விரட்டாதீர்கள்.

கேள்வி: முதல் விமர்சனம் எழுதியவர் திரும்பி வருவதேயில்லையே?

பதில்: அவருக்கு யாராவது பதில் எழுதினார்களா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தானாகப் போகும் நன்றிச் செய்தி கணக்கில் வராது. ஆரம்பத்தில் உங்கள் குழுவே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பதில் போடுங்கள். திரைப்படங்களுக்கு மதிப்பெண் இடும் மூவிலென்ஸ் தளத்தில், தங்கள் பங்களிப்பு தனித்தன்மையானது என்று நினைவூட்டப்பட்டவர்கள் கூடுதலாக மதிப்பிட்டார்கள். "இந்தப் புத்தகத்துக்கு உங்களைத் தவிர இங்கே யாரும் எழுதவில்லை" என்பது உண்மையாக இருந்தால், அதை அவரிடம் சொல்லுங்கள்.