கலைக் கல்லூரியில் படிக்காமல் சிற்பம் செய்ய முடியுமா? எந்தப் பொருளில் தொடங்கலாம்?

முடியும். எனக்குப் பகலில் காசிமேட்டில் வெல்டிங் வேலை, ராத்திரியில் சிற்பம். 1850-இல் தொடங்கிய ஓவியக் கல்லூரியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் அதன் முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை மெரினாவில் சும்மாதானே நிற்கிறது! பாறையை நெம்பும் அந்த நாலு பேரின் கால்களைப் பார்க்கவே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறேன்.

பொருள் விஷயத்தில் எனக்கு வாத்தியார் பெரியப்பாவின் கட்டுமரம். அதில் ஆணி கிடையாது, கயிறுதான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார். மரம் தண்ணி குடிக்கும், காயவிடாவிட்டால் கனத்துப்போகும். இப்போது எல்லாம் ஃபைபர் படகு. அதற்குக் காய வேண்டிய அவசியமில்லை; உடைந்தால் மக்கவும் மக்காது. ஃபைபரை அறுத்துப் பார்த்தேன், உடம்பெல்லாம் அரிப்பு. (முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள்.)

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாப் பறவைகள்கூடக் கறுத்துப்போயின. அந்தப் பக்கத்து வலைகளைக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் கழுவி, கம்பிக்கூட்டின் மேல் சுற்றி ஒரு கூழைக்கடா செய்தேன். மீன் விற்கும் அத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "எப்பப்பா இவ்ளோ சுத்தமா இருந்துச்சு அது?" என்றார். மானம் போயிற்று. பிரித்துவிட்டு, கழுவாத வலையில் மறுபடி செய்தேன். கையில் ஒட்டுகிறது, நாறுகிறது. யாரும் வீட்டில் வைக்க மாட்டார்கள். என் கணக்கில் அதுதான் சரியாக வந்த முதல் வேலை.

அதன் பீடத்துக்கு அனல் மின் நிலையச் சாம்பலைச் சிமெண்டில் கலந்து வார்த்தேன். சாம்பல் கூடினால் இறுக நாள் பிடிக்கும். ஈரச்சாக்கு போட்டு நனைத்துக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டு அச்சைப் பிரித்தால் ஓரம் உதிரும். எனக்கு உதிர்ந்தது.

நீங்கள் கல்லில் தொடங்காதீர்கள், காசு வீண். உங்கள் தெருக் காயலான் கடையில் தொடங்குங்கள்.

பெரியப்பாவின் மரங்களில் மூன்றைச் செதுக்கி, நிற்கிற ஆளாகக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். மழைக்காலத்தில் ஊறிக் கனக்கும். பங்குனியில் அவிழ்த்து மொட்டை மாடியில் காயவைத்துத் திரும்பக் கட்டுவேன். வாங்க வந்த ஒருவர், "போல்ட் போட்டுக் கொடுத்துடுங்களேன், தொந்தரவு இருக்காது" என்றார். கொடுக்கவில்லை.