ஷெட்டு பிரிக்க, வேலி எடுக்க ஆள் பிடிக்கிறீங்களா? சேலம் வாசகர் கேள்வி-பதில்

சூரமங்கலம்: வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு இருக்கு, பிரிக்க எவ்ளோ ஆகும்?

நீள அகலம் சொல்லல, தகரமா சிமெண்ட் ஷீட்டான்னு சொல்லல, வண்டி வாசல் வரைக்கும் வருமான்னும் சொல்லல, இதுக்கு நான் எப்படிங்க ரேட் சொல்றது? அளவெடுத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க. நேர்ல பார்க்காம போன்லயே ரேட் சொல்றவங்க பாதி வேலைல ஏத்திக் கேப்பாங்க.

அம்மாபேட்டை: பழைய தறி ஷெட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுத்தியல்ல உடைச்சு ஒரே நாள்ல முடிச்சுத் தர்றோம்ங்கறாங்க. குடுக்கலாமா?

குடுக்காதீங்க. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துட்டேதான் இருக்கு, எனக்கு ஆத்தாமையா இருக்கு. அந்த ஷீட்டை உடைச்சா பறக்கற தூசில கல்நார் இழை இருக்கு, நுரையீரலுக்குள்ள போச்சுன்னா வெளிய வராது, நோய் தெரியவே 20, 30 வருஷம் ஆகும், அதனாலதான் வேலை செய்யற பசங்களுக்கு பயமே வர்றதில்ல. பல நாடுகள்ல தடை பண்ணியாச்சு, இங்க இன்னும் விக்குது. ஸ்பிரேயர்ல தண்ணி அடிச்சு நல்லா நனைச்சுட்டு, போல்ட்டைக் கழட்டி முழு ஷீட்டா கீழ இறக்கணும், துரு ஏறிக் கழலலைன்னா போல்ட்டை வெட்டுங்க, ஷீட்டுல கட்டர் வைக்காதீங்க. 10 அடி ஷீட்டு 40 கிலோ கனம் இருக்கும், கீழ வாங்க ரெண்டு ஆள் வேணும். எல்லாருக்கும் பி100 ஃபில்டர் வெச்ச மாஸ்க் (நுண்ணிய தூசியையும் தடுக்கற வகை), துண்டோ சாதா என்95 மாஸ்க்கோ கட்டினா போதாது. ஷீட்டு மேல நேரா மிதிக்கவே கூடாது, பழைய ஷீட்டு திடீர்னு உடைஞ்சு ஆள் உள்ள விழுந்துடுவாங்க, பர்லின் (ஷீட்டைத் தாங்கற குறுக்குச் சட்டம்) மேல பலகை போட்டுத்தான் நடக்கணும். பலகை எடுத்துட்டு வராத மேஸ்திரியை அப்பவே திருப்பி அனுப்புங்க. உடைஞ்ச துண்டை திருமணிமுத்தாறு ஓரமா கொட்டறதும், சந்துல பள்ளம் ரொப்பறதும் பெரிய பாவம்ங்க, வண்டி ஏறி ஏறி அது திரும்பவும் தூசியாகி அங்க விளையாடற குழந்தைங்க மூக்குக்குத்தான் போகுது. இடிபாட்டை ரோட்டுல, சாக்கடைல போடக்கூடாதுன்னு 2016லயே விதி வந்தாச்சு. எங்க கொண்டு போகணும்னு அம்மாபேட்டை மண்டல ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு, கெட்டி பிளாஸ்டிக்ல சுத்தி அனுப்புங்க. தரையைக் காஞ்ச விளக்குமாறால கூட்டாதீங்க, ஈரத்துணில துடைங்க.

கொண்டலாம்பட்டி: தகர ஷெட்டை காசு வாங்காம பிரிச்சுத் தர்றேன், இரும்பை எடுத்துக்கறேன்னு பழைய இரும்புக் கடைக்காரர் சொல்றார். லாபமா?

அவருக்கு லாபம். 10க்கு 20 ஷெட்டுன்னா கூரைத் தகடே 80 கிலோ பக்கம் வரும், ஆங்கிள், பைப்பு தனி. ரெண்டு கடைல கிலோ ரேட் கேட்டுட்டு, கூலி போக மிச்சத்தைக் கேளுங்க. இரும்பு யாருக்கு, கழிவை யார் அள்ளறது, ரெண்டையும் எழுதி வாங்குங்க. முன்னாடியே ஈபி லைனைக் கழட்டிடுங்க.

ஓமலூர்: கல்லுக்கால் வேலியை எடுத்துட்டு காம்பவுண்டு கட்டணும்.

மொதல்ல சர்வேயரை வெச்சு அளந்து, பக்கத்துக் காட்டுக்காரரையும் நிக்க வெச்சு போட்டோ எடுங்க. கல்லைப் பிடுங்கிட்டா எல்லைக்கு சாட்சி போச்சு. முள்கம்பியை இழுவைல இருக்கறப்ப வெட்டாதீங்க, தெறிச்சு மூஞ்சில அடிக்கும், தளர்த்திட்டு வெட்டுங்க. கல்லுக்காலை ஆட்டிப் பிடுங்கினா உடையும், சுத்தித் தோண்டி எடுத்தா நல்ல விலைக்கே போகும்.

ஏற்காடு: கெஸ்ட் ஹவுஸ்ல சரிவுப் பக்கம் இருக்கற மரப்பலகை சிட்-அவுட் உளுத்துப் போச்சு. கீழ சேலத்துல இருந்து ஆள் வரலாமா?

மேலயே ஆள் பாருங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வண்டி வந்தா வாடகையே கூலியைத் தாண்டிடும். மொதல்ல பலகை, அப்புறம் குறுக்குச் சட்டம், கடைசிலதான் கால், இந்த வரிசை மாறக்கூடாது. ஐப்பசி கார்த்திகை மழைல தொடாதீங்க, தை பொறக்கட்டும். இங்கயும் அதேதான், மரம் யாருக்குன்னு எழுதி வாங்குங்க.

அஸ்தம்பட்டி: முழுப் பணமும் அட்வான்ஸா கேக்கறாங்க.

கால் பங்குக்கு மேல வேணாம். கழிவு வண்டில ஏறி வாசல் காலியான பிறகு மிச்சம்.