சீசனின் பாதியில் கடைசி இடத்தில் இருக்கும் அணியைக் கைவிட்டுவிடலாமா?

கேள்வி கேட்டவர், தன் அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடப்பதாகவும், மீதி ஆட்டங்களைப் பார்ப்பதில் அர்த்தம் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். எந்த விளையாட்டு, எந்த அணி என்று சொல்லவில்லை. பரவாயில்லை. நான் வாழ்ந்து பார்த்த ஒரு சீசனைச் சொல்கிறேன்.

வேலைக்காக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஐஸ் ஹாக்கி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். எழுபதைத் தாண்டியவர். அணிக்கு ஆறு பேர், இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள், பக் எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லை. இதையெல்லாம் தன் வீட்டுக் கூடத்தில் ரேடியோவை ஓடவிட்டபடியே விளக்குவார். அவர் உயிரை வைத்திருந்த அணி செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். அவரால் அது எனக்கும் உயிராகிவிட்டது. நான் சொல்லப்போவது அந்த அணியின் 2018-19 சீசன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. இது தெரியாமல் அந்த ஆண்டின் கனம் புரியாது. 1967-இல் தேசிய ஹாக்கி லீக் விரிவாக்கப்பட்டபோது பிறந்த அணி ப்ளூஸ். முதல் மூன்று ஆண்டுகளும் லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையின் இறுதிக்குப் போனது. 1968, 1969, 1970. முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே கோப்பை. மூன்று முறையும் நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்றது. பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. 1970-இல் தோற்கடித்தது பாஸ்டன் புருயின்ஸ். கூடுதல் நேரத்தில் பாஸ்டனின் பாபி ஓர் கோல் அடித்துவிட்டு, கால் இடறிவிடப்பட்டு, இரு கைகளையும் விரித்தபடி காற்றில் பறந்த அந்தப் படம் ஹாக்கி தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பாஸ்டன் அரங்கத்தின் வாசலில் அதைச் சிலையாகவே வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் கோல் வாங்கி நிற்கும் அணி எங்களுடையது. அதற்குப் பிறகு 1980 முதல் 2004 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள், கோப்பைக்காக முன்னணி அணிகள் மோதும் பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெற்றும், இறுதிப் போட்டியின் வாசலை ஒருமுறைகூட மிதிக்கவில்லை. 2016-இல் நகரத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியும் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது. ஊருக்கு மிஞ்சியது பேஸ்பாலும் ஹாக்கியும்தான்.

2018 வசந்தத்தில் ஒரே ஒரு புள்ளியில் பிளே-ஆஃப் கைநழுவியது. அந்தக் கோடையில் பொது மேலாளர் டக் ஆம்ஸ்ட்ராங் சும்மா இருக்கவில்லை. பஃபலோ அணியிலிருந்து ரயன் ஓரைலியை வாங்கினார். டேவிட் பெரான், டைலர் போசாக் வந்தார்கள். செயின்ட் லூயிஸிலேயே வளர்ந்த பாட் மரூன், மகன் அருகில் இருக்க வேண்டும் என்று ஓராண்டு ஒப்பந்தத்தில் ஊர் திரும்பினார். காகிதத்தில் பார்த்தால் பலமான அணி. அக்டோபரில் முதல் ஆட்டத்தில், சொந்த அரங்கத்தில், வினிபெக்கிடம் 5-1 என்று தோற்றது. நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலிஸிடம் 2-0 என்று தோற்ற இரவிலேயே பயிற்சியாளர் மைக் யோ நீக்கப்பட்டார். அந்த ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். கூட்டம் கத்தவில்லை, திட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பேசாமல் கிளம்பியது. துக்க வீட்டிலிருந்து புறப்படுவதுபோல் இருந்தது.

இடைக்காலப் பயிற்சியாளராக வந்தவர் கிரெய்க் பெரூபி. ஆடிய காலத்தில் முரட்டு ஆட்டக்காரர். விதி மீறியவர்களை உட்கார வைக்கும் பெனால்டிப் பெட்டியில் 3,000 நிமிடங்களுக்கு மேல் உட்கார்ந்தவர். அவர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று இன்று பலர் எழுதுகிறார்கள். அப்படி நடக்கவே இல்லை. டிசம்பரில் ஒரு பயிற்சியின்போது ராபர்ட் போர்டூசோவும் சாக் சான்ஃபர்டும் சொந்த அணிக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். அந்தக் காணொளி நாடு முழுவதும் ஓடியது. நட்சத்திரங்களை விற்றுவிட்டு அணியை அடியிலிருந்து கட்டப்போகிறார்கள் என்று வாரத்துக்கு ஒரு வதந்தி. 2019 ஜனவரி 3 காலை, 37 ஆட்டங்கள் முடிந்திருந்தன. 34 புள்ளிகள். 31 அணிகளில் 31-ஆவது இடம்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் இருக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானமாகச் சொல்கிறேன். அந்தப் பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அணிக்குள் என்ன உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது அதில் எழுதப்படுவதில்லை. டிசம்பர் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்தது. தடுப்பாட்டம் இறுகிக்கொண்டு வந்தது. எதிரணியின் மூலைக்குள் பக்கை அடித்துவிட்டு, துரத்திப் போய், களத்தைச் சுற்றியுள்ள பலகையோடு பலகையாக அழுத்திப் பறிக்கும் ஆட்டம் கைகூடத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கு அழகான ஆட்டமல்ல. எதிராளியைக் களைப்படையச் செய்யும் ஆட்டம். அத்தனையும் செய்துவிட்டு, தடுத்திருக்க வேண்டிய ஒரு கோலை விட்டுத் தோற்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "இவர்கள் மோசமாக ஆடவில்லை, தோற்கிறார்கள். இரண்டும் வேறு" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே அன்று நினைத்தேன்.

ஜனவரி 7 அன்று பிலடெல்பியாவில் ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல்கீப்பர், லீக்கில் முதன்முறையாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். வயது 25. 2011-இல் தேர்வு செய்யப்பட்டு, ஆண்டுக்கணக்கில் சிறிய லீக்குகளில் அலைந்தவர். முந்தைய சீசனில் அவரை ஆடவைக்க ப்ளூஸுக்கு இடமில்லாமல், பாஸ்டனின் கிளை அணியான பிராவிடன்ஸுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். சீசன் தொடங்கியபோது கோல்கீப்பர் வரிசையில் நான்காவது ஆள். அன்று 25 ஷாட்களையும் தடுத்தார். 3-0. அதன்பின் அவரை வெளியே உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. பதற்றமாக இருக்கிறதா என்று ஒரு நிருபர் கேட்டபோது, என்னைப் பார்த்தால் பதற்றமாகவா தெரிகிறது என்று திருப்பிக் கேட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தச் சொற்கள் ஊரெங்கும் சட்டைகளில் அச்சாயின.

அந்த ஆட்டத்துக்கு முந்தைய நாள் பிலடெல்பியாவில் ஆட்டக்காரர்கள் சிலர் ஒரு மதுக்கூடத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனார்கள். இடையில் 'குளோரியா' என்ற 1980-களின் லாரா பிரானிகன் பாட்டு ஒலிக்க, அங்கிருந்த கூட்டம் எழுந்து ஆடியது. இனி வென்றால் இதுதான் நம் பாட்டு என்று முடிவு செய்துகொண்டார்கள். மே மாதத்தில் எங்கள் ஊரில் அந்தப் பாட்டு ஒலிக்காத கடைத்தெரு இல்லை.

ஜனவரி 23 முதல் பிப்ரவரி 19 வரை தொடர்ந்து 11 வெற்றிகள். அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாதது. ஜனவரி 3-க்குப் பிறகான 45 ஆட்டங்களில் 30 வெற்றிகள். மொத்தம் 99 புள்ளிகள், தங்கள் பிரிவில் மூன்றாவது இடம், பிளே-ஆஃப்.

பிளே-ஆஃப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். வினிபெக்கை ஆறு ஆட்டங்களில் முடித்தார்கள். 69 ஆட்டங்களில் 11 கோல்கள் மட்டுமே அடித்திருந்த ஜேடன் ஸ்வார்ட்ஸ், ஐந்தாவது ஆட்டத்தில் 15 விநாடிகள் மிச்சமிருக்கும்போது வெற்றிக் கோலை அடித்தார். ஆறாவது ஆட்டத்தில் மூன்று கோல்கள். டல்லஸுடன் ஏழாவது ஆட்டம் வரை போனது. அந்த இரவை என்னால் மறக்க முடியாது. டல்லஸ் கோல்கீப்பர் பென் பிஷப்பும் செயின்ட் லூயிஸில் வளர்ந்தவர்தான். அன்று 52 ஷாட்களைத் தடுத்தார்; மலைபோல் நின்றார். இரண்டாவது கூடுதல் நேரத்தில் ராபர்ட் தாமஸ் அடித்தது கம்பத்தில் மோதி பிஷப்பின் முதுகுப் பக்கம் விழ, அங்கே காத்திருந்த பாட் மரூன் உள்ளே தள்ளினார். மகனுக்காக ஊர் திரும்பிய மனிதர், மகன் பார்த்துக்கொண்டிருக்க, ஊரைக் காப்பாற்றினார். நான் பக்கத்து வீட்டுக் கூடத்தில் இருந்தேன். பெரியவர் எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆனால் அந்த அணியின் குணத்தை எனக்குக் காட்டியது வெற்றி அல்ல, சான் ஹோசேயிடம் அடுத்த சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் கண்ட தோல்வி. கூடுதல் நேரத்தில் எதிரணி ஆட்டக்காரர் பக்கைக் கையால் தட்டிவிட்டார். அது விதிமீறல். நான்கு நடுவர்களில் ஒருவரும் ஊதவில்லை. எரிக் கார்ல்சன் கோல் அடித்தார், ஆட்டம் முடிந்தது. வீடியோவில் திரும்பப் பார்க்க அன்றைய விதியில் இடமில்லை. அந்தக் கோடையில் விதியையே திருத்தினார்கள். அரங்கம் கொதித்தது. பெரூபியும் ஆட்டக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டு புலம்பவில்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள், கடைசி இரண்டை 5-0, 5-1 என்று.

49 ஆண்டுகளுக்குப் பிறகு இறுதிப் போட்டி. எதிரணி அதே பாஸ்டன். முதல் ஆட்டம் தோல்வி. அதாவது இறுதிப் போட்டிகளில் தொடர்ச்சியாகப் பதின்மூன்றாவது தோல்வி. இரண்டாவதில் கார்ல் குன்னார்சன் கூடுதல் நேரத்தில் அடித்த கோல்தான் இறுதிப் போட்டியில் ப்ளூஸ் கண்ட முதல் வெற்றி. மூன்றாவதில் சொந்த ஊரில் 7-2 என்று நொறுங்கினார்கள். பின்னிங்டனை நடுவிலேயே வெளியே அழைத்தார்கள். அடுத்த இரண்டையும் வென்று 3-2 என்று முன்னிலைக்கு வந்தார்கள். ஆறாவது ஆட்டத்துக்கு ஊரே தெருவில் நின்றது. கோப்பை அரங்கத்துக்குள் வந்து காத்திருந்தது. 5-1 என்று தோற்றார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்த பிளே-ஆஃபில் அதுவரை சொந்த அரங்கத்தில் அவர்கள் ஆறு வெற்றி, ஏழு தோல்வி. வெளியூரில் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. ஒரு தோல்வியை அடுத்து ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்றிருந்தார்கள். ஆறாவது ஆட்டம் முடிந்த இரவில் நான் இடிந்துபோயிருந்தபோது இந்த எண்களைத்தான் பெரியவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். கடைசி இடத்தில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தோல்வி புதிய ஊர் அல்ல. அங்கிருந்து திரும்பும் வழி அவர்களுக்குத் தெரியும் என்றார்.

ஜூன் 12, ஏழாவது ஆட்டம், பாஸ்டனில். எங்கள் ஊரில் ஹாக்கி அரங்கத்திலும் பேஸ்பால் மைதானத்திலும் பெரிய திரை கட்டியிருந்தார்கள். நாங்கள் பேஸ்பால் மைதானத்தில் இருந்தோம். முதல் பகுதியில் பாஸ்டன் அலையலையாக வந்தது. 12 ஷாட்கள். பின்னிங்டன் ஒன்றைக்கூட விடவில்லை. ப்ளூஸ் அடித்தது நான்கே ஷாட்கள். அதில் இரண்டு கோல்கள். ஒன்று ஓரைலி. மற்றொன்று, பகுதி முடிய எட்டு விநாடிகள் இருக்கும்போது, கேப்டன் அலெக்ஸ் பியட்ராஞ்சலோ. மூன்றாவது பகுதியில் பிரேடன் ஷென். நான்காவது கோல் அடித்தவர் சாக் சான்ஃபர்ட், டிசம்பர் பயிற்சியில் சொந்த அணிக்காரரிடம் அடி வாங்கிய அதே சான்ஃபர்ட். 4-1. பின்னிங்டன் தடுத்தவை 32. பிளே-ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஓரைலிக்கு. பியட்ராஞ்சலோ கோப்பையை வாங்கியதும் முதலில் ஜே பௌமீஸ்டரின் கையில் கொடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும் அதுவரை அதைத் தொடாதவர் அவர்.

மறுநாள் காலை பெரியவர் செய்தித்தாள் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றை எடுத்துக்கொண்டு தன் அப்பாவின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். நான்தான் காரில் அழைத்துப் போனேன். எங்களுக்கு முன்பே வேறு சில கல்லறைகளில் ப்ளூஸ் தொப்பியும் நீலக் கொடியும் வைத்திருந்தார்கள்.

உங்கள் அணியும் இப்படி வெல்லும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான கடைசி இட அணிகள் கடைசியிலேயேதான் முடிக்கின்றன. நான் சொல்வது, பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைக்காதீர்கள். ஆட்டத்தைப் பாருங்கள். தோற்கும்போது எப்படித் தோற்கிறார்கள், கோல் வாங்கிய அடுத்த ஐந்து நிமிடங்களில் என்ன செய்கிறார்கள், ஒருவருக்காக ஒருவர் ஓடுகிறார்களா என்று பாருங்கள். ஜனவரியில் நான் பார்ப்பதை நிறுத்தியிருந்தால், ஜூன் மாதத்துக் கோப்பை எனக்கு வெறும் செய்தியாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

ஜூன் 15, சனிக்கிழமை, மார்க்கெட் தெருவில் ஊர்வலம். பாப் பிளாகர் அதில் இருந்தார். 1967-இல் ப்ளூஸ் பிறந்தபோதே அணிக்கு வந்தவர். மூன்று இறுதிகளிலும் தோற்ற அணியில் ஆடியவர். ஆட்டத்தை விட்ட பிறகும் அணியை விட்டுப் போகாதவர். அந்தத் தெருவில் ஒரு வெற்றி ஊர்வலம் போக வேண்டும் என்பது அவருடைய பல்லாண்டு ஆசை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2021 மார்ச்சில் காலமானார். ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.