மிஸ்ஸிடம் அவனே கேட்கட்டும்

கேள்வி: என் மகன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் பாடத்தைக் கடகடவென்று சொல்லிவிடுகிறான். தேர்விலோ பாதி விடைத்தாள் வெறுமையாக இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்று ஆசிரியை எழுதி அனுப்புகிறார். என்னடா கஷ்டம் என்றால், “எனக்குப் படிப்பு வராதும்மா” என்பதற்கு மேல் பேச மறுக்கிறான். ஒவ்வொரு முறையும் நானே போய்ப் பேசுகிறேன். அவனைப் பேச வைப்பது எப்படி?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எங்கே சிக்குகிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்காத பிள்ளை, தன்னைப் பற்றிப் பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான். அந்த வார்த்தையை அவன் கண்டுபிடிக்க நீங்கள் உதவலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரலாற்றுப் பாடத்தில் ஒரே அளவான இரண்டு கேள்விகளை எடுத்து, ஒன்றுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். மற்றொன்றுக்கு அவன் வாயால் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டையும் அவனே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தெரிந்த விஷயம் கையில் வந்து நின்றுபோகிறது என்பது அவனுக்கே அப்போது புலப்படும். பிறகு ஒரு பத்தியைச் சுவரில் ஒட்டி, பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு வரிக்கு எத்தனை முறை தலை நிமிர்கிறான், விட்ட இடத்தைத் தேடுகிறானா, பென்சிலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறான், எத்தனை வரிக்குப் பின் விரலை உதறுகிறான் என்று அருகில் உட்கார்ந்து கவனியுங்கள், திருத்தாதீர்கள். கண்டதைச் சொல்லி, “பள்ளியிலும் இப்படித்தானா?” என்று கேளுங்கள். ‘என்ன கஷ்டம்’ என்ற பெரிய கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளையும் இப்படிப்பட்ட சிறிய கேள்விக்குப் பதில் சொல்வான்.

அடுத்து, அதை ஒரே ஒரு கோரிக்கையாக்குங்கள்: “மிஸ், போர்டைப் பார்த்து எழுதும்போது எனக்கு வரி தப்பிவிடுகிறது. முன் பெஞ்சில் உட்காரலாமா?” முதலில் தமிழில் சொல்லிப் பழகட்டும், பிறகு ஆசிரியையிடம் பேசும் மொழியில். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளரும் நம் பெங்களூருப் பிள்ளைகளுக்கு, மனத்தில் உள்ளதை அம்மாவிடம் சொல்லும் மொழி வேறு, மிஸ்ஸிடம் கேட்கும் மொழி வேறு என்பதாலேயே பேச்சு தொண்டையில் நின்றுவிடுவதுண்டு. பெற்றோர் கூட்டத்திலும் அவனே முதலில் பேசட்டும். மௌனம் நீண்டாலும் நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ஒரு தாய்க்கு அது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

இதனுடன் கண் பார்வையையும் செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். ஆங்கிலம், கன்னடம் என எந்த மொழியில் எழுதினாலும் இதே திணறல் இருந்தால், அது கற்றல் குறைபாடா, அதாவது அறிவு இருந்தும் படிப்பதிலோ எழுதுவதிலோ வரும் தடையா என்று அறிய முறையான மதிப்பீடு தேவை. உங்கள் ஊரிலேயே, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவை அணுகலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கான சான்றிதழ் பெற்ற மாணவருக்கு சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் வீதம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்; சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும் வழியுண்டு. மதிப்பீட்டின் முடிவை அவனிடம் மறைக்க வேண்டாம். தன் பெயரில் உள்ள தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஆசிரியை மறுத்துவிட்டால், மறுநாளே நீங்கள் புறப்பட்டுப் போகாதீர்கள். முன் பெஞ்ச் முடியாதென்றால் வேறு எது முடியும் என்று அவனே ஒருமுறை கேட்டு வரட்டும். அதன் பிறகும் வழி பிறக்காவிட்டால் தலைமையாசிரியரைப் பாருங்கள், அவனையும் அழைத்துக்கொண்டு.