கடைக்காரர் சொல்லும் மூன்று அடுக்கு ஷீட் வேண்டாம்

கேள்வி: இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். டிக்கி பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும். 100 கி.மீ. வேகத்தைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. தரை, கதவு, கூரை எல்லாவற்றுக்கும் மூன்று அடுக்கு டேம்பிங் (அதிர்வை அடக்கும்) ஷீட் ஒட்டினால் பாதிச் சத்தம் போய்விடும் என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா?

மூன்று அடுக்கு வேண்டாம். பாதிச் சத்தம் போகவும் போகாது. சத்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் இறங்கியாக வேண்டும். வெறும் ஷீட்டை நம்பி அந்த வாக்கைக் கொடுப்பவர் ஒருநாளும் அளந்து பார்த்திருக்க மாட்டார்.

முதலில் அது எந்தச் சத்தம் என்று கண்டுபிடியுங்கள். ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். சத்தமும் கூடவே மாறினால் அது இன்ஜினும் சைலன்சரும். மாறாமல் இருந்து, வழவழப்பான சாலைக்கு வந்ததும் சட்டென்று அடங்கினால் டயர். சாலை எப்படி இருந்தாலும் வேகம் ஏற ஏற ஜன்னல் ஓரத்தில் ‘உஸ்’ என்று வந்தால் காற்று. கதவு ரப்பரைப் பாருங்கள், ஷீட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

ஷீட் என்பது பியூட்டைல் ரப்பர், அதன் மேல் மெல்லிய அலுமினியத் தகடு. தட்டிவிட்ட தாம்பாளத்தில் கை வைத்தால் ஒலி அடங்குகிறதல்லவா, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. தகரம் அதிர்வதை நிறுத்தும். வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்காது. தாம்பாளத்தை அடக்க அதை முழுக்க மூட வேண்டுமா? விரல் பட்டால் போதும். அதுபோல, தகரத்தின் நடுப்பகுதியில் கால்வாசியிலிருந்து அரைவாசிப் பரப்பு வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். மிச்சமெல்லாம் சதுர அடிக் கணக்கில் விற்பவரின் லாபம். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் இருக்கும். மூன்று அடுக்கு என்றால் கணக்கை நீங்களே போடுங்கள். எடை குறைவு என்பதற்காகத்தானே இந்தக் காரை வாங்கினீர்கள்?

கடையில் கதவைச் சாத்திக் காட்டுவார்கள். ‘டங்’ என்றிருந்தது ‘டொப்’ என்றாகும். கேட்டதும் மயங்கிப் போகாதவர் குறைவு. கதவு அதிர்வது நின்றது, அவ்வளவுதான். நெடுஞ்சாலை இரைச்சலுக்கும் அந்த ‘டொப்’புக்கும் சம்பந்தம் இல்லை. கைபேசியில் டெசிபல் காட்டும் வித்தையும் இதே கதைதான். அதே சாலை, அதே வேகம், அதே டயர் காற்றழுத்தம் இல்லாமல் எடுத்த எண்ணைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பியூட்டைல் என்ற பெயரில் தார் ஷீட்டைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. அது வெயிலில் நாறும், இளகி வழியும்.

முழுக்க மூட வேண்டாம் என்றேன். உங்கள் காரில் ஒரே ஒரு இடம் அதற்கு விலக்கு, பின்சக்கர வளைவுகள். சாதாரணக் காரில் டிக்கிக்கும் உங்களுக்கும் நடுவே சீட்டும் தடுப்பும் இருக்கும். உங்கள் காரில் டிக்கியே கேபினின் ஒரு பகுதி. அகலமான பின் டயர் கிட்டத்தட்ட உங்கள் முதுகுக்குப் பின்னால் உருளுகிறது. ஆகவே அந்த இரண்டு வளைவுகளையும் ஸ்டெப்னி குழியையும் முழுதாக மூடுங்கள். ஷீட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம், அதற்கு மேல் கனமான வினைல் விரிப்பு. சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவில் கிடைக்கிறது. டயர் இரைச்சலை மறிப்பது அந்தக் கனம்தான். இணைப்புகளில் இடைவெளி விடக் கூடாது. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, தடுப்பு எவ்வளவு கனமானாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஒட்டுபவர் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

கியரோடு மாறுவது அடித்தொண்டை ரீங்காரமாக இருந்தால் எந்த அடுக்கும் உதவாது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் 100 ஹெர்ட்ஸ் அதிர்வைக் கிளப்பும். அந்த அலையின் நீளம் 3.4 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் அதை என்ன செய்யும்? வெளிச் சந்தை சைலன்சர் மாட்டியிருந்தால் பழையதைத் திரும்ப மாட்டுங்கள், அல்லது புகைக்குழாயில் ரீங்காரத்தை அடக்கும் ரெசனேட்டர் வையுங்கள்.

கதவைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், அடியிலுள்ள வடிகால் துளைகளை மூட விடாதீர்கள், உள்ளே துருப்பிடிக்கும். சில கார்களில் ஏர்பேக் சென்சாரும் கதவுக்குள் இருக்கும். கேட்காமல் கை வைக்க விடக் கூடாது.

டயரை மாற்றுவதாக இருந்தால் ஒரு எரிச்சல் காத்திருக்கிறது. ஐரோப்பிய டயர் லேபிளில் டெசிபல் எண் இருக்கும். அது 80 கி.மீ. வேகத்தில், இன்ஜினை அணைத்து உருளவிட்டு, ஏழரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் எடுத்தது. தெருவில் நிற்பவர் காதுக்கான எண்! காசு கொடுத்து உள்ளே உட்கார்ந்திருப்பவர் காதில் என்ன விழும் என்று சொல்ல லேபிளில் ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, இப்போதைக்குப் பின் டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால், சத்தம் அந்தத் தேய்மானத்திலிருந்தே வரலாம்; கடைக்குப் போகும் முன் அலைன்மென்ட் பார்ப்பவரிடம் போங்கள்.